ஏழாம் நாள் பாடம்

1

இந்தக் கதை எனக்கு ஜெராக்ஸ் மிஷினிலிருந்து வந்தது. மனதில் பல வருடம் ஊறியது, ஒரு விடியலில் தானாக வந்து நின்றது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் இருக்கும் என் கடைக்கு ஒருவர் வந்து, ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, இரண்டு செட் வேண்டும் என்றார். போலீஸ் கேஸ் கட்டு. நான் காகிதங்களைப் படிப்பதில்லை. படித்தால் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. கிரயப் பத்திரம், விவாகரத்து, வாரிசுச் சான்று எல்லாம் எனக்கு வெறும் தாள்தான். பதினான்காம் பக்கத்தைக் கண்ணாடிமேல் கவிழ்க்கப் போனபோது மட்டும் கண் நின்றுவிட்டது. அங்கே இப்படி இருந்தது:

"ஐயத்துக்குரிய நபரின் கை பைக்குள் சென்றால், அந்தக் கை வெளியே வருமுன் மணிக்கட்டைப் பற்றி, வெளிப்புறமாக முறுக்கி, நபரை மண்டியிடச் செய்ய வேண்டும். தெரிந்த முகம் என்பதற்காகத் தளர்வு கூடாது."

இதை எழுதியவள் நான். பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் தெரிவதுபோல அவரவர் எழுதிய வரி அவரவருக்குத் தெரியும். என் பெயர் நிர்மலா. டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டு போட்டிருக்கிறேன். சிறு பத்திரிகைகளில் நான்கு கதைகள் வந்திருக்கின்றன. இந்த வரி அவற்றில் எதிலும் இல்லை.

கட்டைக் கொண்டுவந்தவர் பெயர் சின்னதுரை. முதல் எதிரி, அதாவது முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், என்று அதில் அவரைப் போட்டிருந்தார்கள். இரண்டாம் எதிரி யாரும் இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் மேகம் இறங்கி நின்றது. கொண்டை ஊசி வளைவில் பஸ் திணறியபோது

அதை அழித்துவிட்டேன். மேகம் யார் கையையும் உடைக்கவில்லை. அடுத்தது:

சின்னதுரையின் இடுப்பில் துப்பாக்கி இருந்தது.

இது பொய். இருந்தது துப்பாக்கி உறை. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் ஆளுக்குத்தான் தருவார்கள், சும்மா கேட்டால் தரமாட்டார்கள். உறைக்கு ஒரு லைசென்ஸும் வேண்டாம். அதனால் உறைக்குள் தேக்கங்கட்டை ஒன்றை அளவாகச் செதுக்கி வைத்து, மேல் மூடியைப் பட்டன் போட்டு மூடியிருந்தார்கள். மூன்றாவது:

அரிசி ஆலை முதலாளி ராஜாங்கம் தன் உயிருக்கு ஆபத்து இருப்பதாக நம்பியதற்குக் காரணம்

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. காரணம் கிடைக்கவில்லை. நான் விசாரித்த வரையில் அவருக்கு எதிரி என்று ஒருவரும் இல்லை. மகள் கல்யாணத்துக்கு மணலூர்பேட்டையிலிருந்து வந்த சம்பந்தி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று கறுப்பு சஃபாரி போட்ட இரண்டு மெய்க்காவலர்களோடு மண்டபத்துக்குள் நுழைந்தார். போட்டோவில் எல்லாரும் சம்பந்தியைத்தான் பார்க்கிறார்கள். மறுவாரம் ராஜாங்கமும் ஓர் ஆளை, சின்னதுரையை, வைத்துக்கொண்டார். ஒரு பெண்ணின் கை உடைந்ததற்கு ஆரம்பம் ஒரு கல்யாண ஆல்பம் என்று எழுதினால் பத்திரிகைக்காரர்கள் நம்புவார்களா?

நம்பாவிட்டால் போகட்டும்.

3

இரண்டு வருடத்துக்கு முன் தீனதயாளன் என் கடைக்கு வந்தார். செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துபவர். கையில் முப்பது பெயர்கள். காவலாளி வேலைக்கு ஆள் அனுப்புமுன் நூற்றறுபது மணி நேரம், குறைந்தது இருபது நாள், பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கொடுத்ததற்குப் பதிவேடும் சான்றிதழும் வேண்டும்.

"இருவது நாளும் இன்னா சொல்லிக் குடுத்தோம்னு நாளுக்கு ஒரு பத்தி போட்டுடுங்க மேடம். செக்கிங் வந்தா காட்டணும்."

என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அப்பாவித்தனமாகத்தான் கேட்டேன். அவர் சிரித்தார்.

"நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே. போடுங்க. எவன் படிக்கப் போறான்."

எவன் படிக்கப் போகிறான் என்று சொன்னால் எழுதுகிறவர்களுக்கு ரோசம் வரும். எனக்கு வந்தது. அன்று மதியம் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்தவள், மாலைக்குள் இருபது நாளையும் எழுதி முடித்தேன். நாள் ஒன்று, அணிவகுப்பு. நாள் நான்கு, தடி பிடிக்கும் முறை, முழங்காலுக்குக் கீழே மட்டும். நாள் ஐந்து, துப்பாக்கியின் பாகங்கள். அதை ஓர் இணையதளத்திலிருந்து எடுத்தேன். ஏழாம் நாளில் எனக்கே சூடு பிடித்துவிட்டது. ஏதோ வெளிநாட்டு வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தேன். மணிக்கட்டை முறுக்குவது உள்பக்கமா வெளிப்பக்கமா என்று சரியாகத் தெரியவில்லை. வெளிப்புறமாக என்று போட்டேன். காதுக்கு நன்றாக இருந்தது.

(ஆமாம். ஒரு மனுஷியின் எலும்பைப் பற்றிய முடிவைக் காதை வைத்து எடுத்தேன். இந்த அடைப்புக்குறியை மூடிவிட்டுத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் கதை நகர வேண்டும்.)

பத்தி ஒரு சின்ன வாக்கியத்தில் முடிந்தால் எடுப்பாக இருக்கும் என்று கடைசியில் "தெரிந்த முகம் என்பதற்காகத் தளர்வு கூடாது" என்று சேர்த்தேன். கதைகளில் நான் வழக்கமாகச் செய்கிற வேலைதான். ஒன்பதாம் நாளுக்கு மனசாட்சி உறுத்தியதுபோல இருக்கிறது. "பெண்கள், முதியோர் மீது எக்காரணம் கொண்டும் பலம் பயன்படுத்தக் கூடாது" என்று எழுதியிருக்கிறேன்.

4

உண்மையான பயிற்சி ஒரு நாள் காலை நடந்தது. முகூர்த்தம் இல்லாத நாளில் காலியாகக் கிடந்த ஒரு கல்யாண மண்டபம். முப்பது பேருக்கும் ஒரே ஒரு தடி, ஒரே ஒரு நீலச் சட்டை. சட்டையின் நெஞ்சில் கலையரசன் என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தது. அவர்தான் வரிசையில் முதல் ஆள். ஒவ்வொருவராகச் சட்டையை மாட்டி, தடியைப் பிடித்து, போட்டோவுக்கு நின்று, கழற்றி அடுத்தவரிடம் கொடுத்தார்கள். பட்டையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. முப்பது சான்றிதழிலும் முப்பது முகம், நெஞ்சில் ஒரே கலையரசன். அந்தப் போட்டோக்களை வெட்டி ஒட்டியவளும் நான்தான். பார்த்துச் சிரித்தேன் என்று நினைவு. அதன்பிறகு அவற்றை ஏஜென்சி பார்த்தது, ஆபீஸ் பார்த்தது, போலீஸ் பார்த்தது, கோர்ட் பார்த்தது. ஒருவர்கூடப் படத்தில் இருப்பதைப் படிக்கவில்லை.

5

இப்போது ஒரு தொழில் சங்கடம். சின்னதுரை கதைக்கு லாயக்கில்லாத அளவுக்கு நல்லவராக இருக்கிறார்.

வடக்கனந்தல் பக்கம் ஒரு சின்ன ஊர். நிலம் கிடையாது. கரும்பு வெட்டியும் லாரியில் ஏற்றியும் தோளில் காய்ப்பு விழுந்த ஆள். பத்தாவது வரை படித்தவர். குடிப்பழக்கம் இல்லை. ஒரு குடிப்பழக்கமாவது கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன்; அவர்மேல் கொஞ்சம் பழி ஏறும், என்மேல் கொஞ்சம் குறையும். அப்படி எழுதிய ஒரு பத்தி இங்கே இருந்தது. நீக்கிவிட்டேன்.

செக்கிங்கில் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார் தீனதயாளன். பேப்பரை மிச்சம் பிடிக்க எட்டாம் நாளோடு நிறுத்திவிட்டார். ஒன்பதாம் நாள் யார் கைக்கும் போகவில்லை. மற்ற இருபத்தொன்பது பேரும் அந்தத் தாளை என்ன செய்தார்களோ தெரியாது. சின்னதுரை மனப்பாடம் செய்தார். வீட்டில் பழகினார். மனைவி அமிர்தத்தின் கையில் ஒரு பையைக் கொடுத்து நிற்கச் சொல்லி, கையை உள்ளே விடச் சொல்லி, பாய்ந்து பிடித்துப் பார்ப்பாராம். வலிக்காமல் பிடிப்பாராம். அமிர்தம் சிரிப்பாராம்.

இவ்வளவு வருடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்து, நம்பி, வாழ்க்கையில் கடைப்பிடித்த ஒரே வாசகர் இவர்.

6

நடந்ததை அலங்காரம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

ராஜாங்கம் ஆலையைப் பெரிதாக்கியபோது வேலி போட்டார். வேலி, பின்னால் இருக்கும் தெருவிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வரும் வழியை அடைத்துவிட்டது. அந்தத் தெருவில் இருப்பவர் ரங்கம்மாள். ஐம்பதைத் தாண்டியவர், கரும்பு வெட்டு, நடவு, கிழங்கு பிடுங்குவது என்று எங்கே கூலி கிடைத்தாலும் போவார். வழியைத் திறந்துவிடச் சொல்லி ஒரு மனு அடித்து வைத்திருந்தார். ஆலை கேட்டில் அவரை உள்ளே விடவில்லை. எங்கேயாவது முதலாளி கண்ணில் பட்டால் கொடுத்துவிடலாம் என்று மனுவை மஞ்சள் பையிலேயே வைத்துக்கொண்டு பதினொரு நாள் அலைந்தார்.

(அந்த மனுவையும் நான்தான் அடித்தேன் என்று எழுதக் கை துறுதுறுத்தது. கதை இன்னும் இறுகும். ஆனால் இல்லை, அது பக்கத்துக் கடையில் அடித்தது. இருக்கிற பாவமே போதும்.)

பன்னிரண்டாம் நாள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆட்களோடு ஜீப்பில் வெள்ளிமலைக்குப் போனார். வேலை முடிந்து மத்தியானம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ராஜாங்கத்தின் கார் டீக்கடை முன்னால் வந்து நின்றது. மலையில் அவர் ஒரு விடுதி கட்டிக்கொண்டிருக்கிறார். காரிலிருந்து முதலில் இறங்கியது சின்னதுரை. ரங்கம்மாளுக்குச் சந்தோஷம். நான்கு வருடம் இருவரும் ஒரே தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்கள். சின்னதுரை அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவார். தெரிந்த பையன் நிற்கிறான், இன்றைக்கு வேலை முடிந்துவிடும் என்று கிட்டே போனார். போய்க்கொண்டே கையைப் பைக்குள் விட்டார்.

சின்னதுரைக்கு முகம் தெரிந்தது. தெரிந்த முகத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்ற வரியும் தெரிந்தது.

வெளிப்புறமாக முறுக்கினார். முறையாகப் பழகியவனுக்கு எந்த இடத்தில் நிறுத்துவது என்று கையே சொல்லும். தாளில் படித்தவனுக்குத் தாளில் இருப்பதுதான் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் எழுதவில்லை.

மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்தது. ரங்கம்மாள் மண்டியிட்டார்; அந்த ஒரு விஷயத்தில் என் பத்தி சரியாக வேலை செய்தது. கூட வந்த ஆட்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். ஒருவரும் வந்து பிடித்து இழுக்கவில்லை, இடுப்பில் துப்பாக்கி இருக்கிறதே என்று. பத்துப் பேரை நிறுத்தி வைத்தது அந்தத் தேக்கங்கட்டை. மனு பையிலிருந்து விழுந்து டீக்கடை வாசலில் கிடந்தது. ராஜாங்கம் அதைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினார்.

7

எனக்கு ஆத்திரம் இங்கேதான் தலைக்கேறுகிறது. இதை நடுநிலையாக எழுதச் சொல்லும் நண்பர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ராஜாங்கம் ஸ்டேஷனில் சொன்னது: பயிற்சி பெற்றவர் என்று சான்றிதழ் பார்த்துத்தான் வேலைக்கு வைத்தேன். தீனதயாளன் சொன்னது: பெண்கள்மேல் கை வைக்கக் கூடாது என்று ஒன்பதாம் நாளே சொல்லிக் கொடுத்திருக்கிறோம், இதோ பாடம், இதோ அவர் கையெழுத்து. இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். சின்னதுரை ஜெயிலுக்குப் போய் இருபத்திரண்டு நாள் கழித்து ஜாமீனில் வந்தார். ஏழாம் நாள் அவர் கையை முறுக்க வைத்தது. அவருக்குத் தரப்படாத ஒன்பதாம் நாள் அவரைக் குற்றவாளியாக்கியது. இரண்டையும் எழுதியது ஒரே மதியம், ஒரே நாற்காலி, ஒரே முட்டாள். ராஜாங்கத்துக்கு மறுவாரமே அதே ஏஜென்சி வேறு ஆள் அனுப்பியது. உறை மட்டும் அதே உறையாம். அதை அணிந்துகொண்டு அந்த ஆள் இன்றைக்கும் மலைக்குக் காரில் ஏறிப் போகிறார்.

வேலியும் அப்படியே இருக்கிறது.

8

முதல் பகுதியில் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மிஷினை நிறுத்திவிட்டு அவரிடம் பேசினேன். பதினான்காம் பக்கத்தைக் காட்டி, இதை யார் எழுதியது தெரியுமா என்று கேட்டேன்.

"ஏஜென்சி சார்தாங்க்கா. ரொம்ப நல்லா எழுதியிருப்பாரு. ஒரு தபா படிச்சா அப்டியே மனசுல நிக்கும்."

நின்றபடியே ஏழாம் நாளை ஒப்பித்தார். ஒரு சொல் தப்பவில்லை. ஒன்பதாம் நாளைக் கேட்டேன்.

"அது என்கிட்ட வர்லக்கா. ஆனா கையெழுத்து என்னுதுதான். மீதி எங்கன்னு நான் கேட்டு வாங்கிப் படிச்சிருக்கணும்ல. என் மேலதான் தப்பு."

வக்கீல் என்ன சொல்கிறார் என்றேன். வக்கீல் சிவசங்கர் எனக்கும் பழக்கம்தான். தினமும் அவருக்கு டைப் செய்கிறேன். வருகிற மாதம் முதல் வியாழக்கிழமை வாய்தா, அன்றைக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை கம்மியாகும் என்று சொன்னாராம்.

"ஒத்துக்கலாம்னு இருக்கன்க்கா. அத்த கைய நான்தான ஒடச்சன்."

பயிற்சியே நடக்கவில்லை என்று சொல்லலாமே என்றேன். அவர் கடைக்கு வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மீதி இருவத்தொம்போது பேரு வேல பாத்துக்கினு இருக்கானுங்கக்கா. சொன்னா எல்லாத்தையும் தூக்கிடுவாங்க. அவனுங்க வூட்லயும் ஒல வெக்கணும்ல."

நான் எழுதினேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு செட்டையும் ஓரம் தட்டி, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன்.

9

ஞாயிற்றுக்கிழமை ரங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். வேலியைச் சுற்றிக்கொண்டு போக அரைமணி ஆயிற்று. கதை எழுதுகிறேன் என்று சொன்னேன். அது உண்மைதானே. கையின் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், ஆனால் விரல்கள் உள்ளங்கை வரை மடங்கவில்லை. அரிவாள் பிடிக்க முடியாது. இடது கையால் களை எடுக்கப் போனாராம். பாதி நாளில் அனுப்பிவிட்டார்கள்.

சின்னதுரையை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். கதைக்கு அப்படி ஓர் இடம் தேவைப்பட்டது, அதனால் கேட்டேன். அவர் என் நோட்டைப் பார்த்தார்.

"மன்னிச்சிட்டன்னு மட்டும் எழுதாதம்மா. நான் மன்னிக்கல."

பேனாவை மூடினேன். அவர் நிறுத்தவில்லை.

"ஆனா அவன் கண்ண பாத்தன். பயந்துக்கினு இருந்தான். ஸ்கூல்ல புள்ளைங்க ஒப்பிக்குமே, அந்த மாதிரி வாய்க்குள்ளயே இன்னாத்தையோ சொல்லிக்கினே முறுக்குனான். எவன் அவனுக்கு இத சொல்லிக் குடுத்தான்? அவனத்தான் நான் பாக்கணும்."

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டேன். எழுதுகிறவளுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டும்.

10

முடிவு தேடி மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நீதிபதி போட்டோவை உற்றுப் பார்த்து, சின்னதுரை என்கிறீர்கள், சட்டையில் கலையரசன் என்று இருக்கிறதே என்று கேட்கிறார். கோர்ட்டே நிசப்தமாகிறது. எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. ஆனால் இத்தனை கை மாறியும் பார்க்காத படத்தை ஒருவர் சரியாகக் கடைசிப் பக்கத்தில் பார்ப்பார் என்றால் அது என் வசதிக்காகப் பார்ப்பதுதான்.

இன்னொன்றில் ராஜாங்கம் மனம் மாறி வேலியைப் பிரிக்கிறா

மூன்றாவதில் ஒரு பெண் தன் கம்ப்யூட்டரில் ஒரு பழைய கோப்பைத் திறக்கிறாள். அது எப்போது உருவானது, எப்போது முடிந்தது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கிறது. ஒரே நாள், மதியம் இரண்டு பத்துக்குத் தொடங்கி ஐந்து நாற்பதுக்கு முடிந்திருக்கிறது. இருபது நாள் பயிற்சி மூன்றரை மணி நேரத்தில். அதைப் பிரிண்ட் எடுத்து, முப்பது போட்டோவையும் சேர்த்து, வக்கீல் சிவசங்கரிடம் கொடுக்கிறாள். தீனதயாளன் மாட்டுகிறார். பொய் ஆவணம் தயாரித்ததற்கு அவளும் மாட்டுகிறாள், கடை போகலாம். இருபத்தொன்பது பேரின் வேலையும் போகலாம், அது அவள் கையில் இல்லை, அவர்கள் முகத்தில் அவள் முழிக்க வேண்டும். சின்னதுரை அப்போதும் நிரபராதி ஆகமாட்டார். ஆனால் அவர் தனியாக நிற்கமாட்டார்.

இந்த மூன்றாவது மட்டும் கற்பனை இல்லை. கோப்பு இருக்கிறது. பிரிண்டும் எடுத்துவிட்டேன். மேஜை இழுப்பறையில் ஒரு பச்சைக் கவரில் கிடக்கிறது. ஐந்து நாளாகக் கிடக்கிறது.

11

ஆகவே இந்தக் கதையை என்னால் முடிக்க முடியாது. முடிவு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. என் கடையிலிருந்து நாற்பது அடி. கதையில் எழுதிவிட்டால் செய்துவிட்டதுபோல ஒரு திருப்தி வந்துவிடும், எனக்கு என்னைத் தெரியும். அதனால் எழுத மறுக்கிறேன்.

இதைப் படிப்பவர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் இருந்தால் ஓர் உதவி செய்யுங்கள். வியாழக்கிழமை பத்தரைக்குக் கோர்ட் ரோடு வழியாக வாருங்கள். டைப்பிங், ஜெராக்ஸ் என்று மஞ்சள் போர்டு இருக்கும். ஷட்டர் இறங்கியிருந்தால் சரி, உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள். திறந்திருந்தால், நான் உள்ளே யாருக்கோ ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருப்பேன். உங்களைப் பார்த்ததும் சிரிப்பேன், உட்காரச் சொல்வேன், டீ சொல்லட்டுமா என்பேன். உட்காராதீர்கள். இழுப்பறையைத் திறந்து பச்சைக் கவரை எடுத்து என் கையில் வையுங்கள். கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வையுங்கள். முறுக்க வேண்டியதில்லை.

தெரிந்த முகம் என்பதற்காகத் தளர்வு கூடாது.